வீட்டில் கிடைத்த பழைய பிஸ்டல்: விற்பதா, விடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கிலங்கையில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போதோ, பெரியவர் ஒருவர் காலமாகி அவருடைய பெட்டகத்தை ஒதுக்கும்போதோ எப்போதாவது ஒரு பழைய கைத்துப்பாக்கி வெளியே வருகிறது. வயல்காணி நிறைய வைத்திருந்த போடியார் வீடாக இருக்கலாம், வெள்ளைக்காரர் காலத்து ஊர்த் தலைமையான உடையார் வேலை பார்த்த குடும்பமாக இருக்கலாம், வெள்ளைக்காரத் துரையிடம் கிளாக்கராக இருந்தவரின் வீடாகவும் இருக்கலாம். எடுத்தவுடன் எல்லோரும் கேட்பது "இது என்ன விலை போகும்?" என்றுதான். என்னைக் கேட்டால் அது நான்காவது கேள்வி. உள்ளே வெடிமருந்து இருக்கிறதா, சட்டப்படி இதை வைத்திருக்கலாமா, இது யாருக்குச் சொந்தம் என்ற மூன்றும் அதற்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையிலேயே பெரும்பாலும் போகிறேன்.

பெட்டகத்துக்குள் பிஸ்டல் இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

விசையை இழுத்துப் பார்க்க வேண்டாம். "நூறு வருசமாக் கிடக்குது, இனி எங்க வெடிக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டே குழலைத் தன் முகத்துக்கு நேரே திருப்பிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றையும் சேர்த்துச் செய்த பழைய கரிமருந்து, ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் தீப்பிடிக்கும். அந்தக் காலத்தில் வாய்வழியாக மருந்து இடிக்கும் துவக்குகளைப் பலர் இடித்த நிலையிலேயே வைத்துவிடுவார்கள். பன்றி வயலுக்குள் இறங்கிய பிறகு உட்கார்ந்து மருந்து இடித்துக்கொண்டிருக்க முடியாதல்லவா? இடியன் துவக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெரிந்தவர்கள் பார்க்கும் முறை ஒன்று உண்டு. குழல்வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, மெல்லிய மரக்குச்சி ஒன்றைப் பதமாக உள்ளே விட்டு, வாயளவில் ஒரு கோடு போடுவார்கள். பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்பக்கத்தில் வைத்து அளப்பார்கள். குச்சியின் நுனி, மருந்துக்குத் தீ போகும் தீத்துளை வரை போய்ச் சேரவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அனுபவம் இல்லாத நீங்கள் இதைச் செய்ய வேண்டாம். உள்ளே மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, குழல்வாய் சுவரைப் பார்க்கும்படி கிடத்தி, அறையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் இருந்தால் போதும். பக்கத்தில் மருந்துக் குப்பியோ, அடித்தால் தீப்பொறி விடும் செம்புத் தொப்பிகள் (கேப்பு என்பது இதைத்தான்) இருக்கும் சின்ன டப்பாவோ இருந்தால் அதையும் தொட வேண்டாம். சுழல் துப்பாக்கி என்றால் உருளையைச் சுற்றி விளையாடுவதும் வேண்டாம்.

நூறு வருடத்துக்கு மேல் பழசு என்றால் லைசென்ஸ் தேவையில்லை என்று யூடியூபில் சொல்கிறார்களே?

சொல்கிறவர் எந்த நாட்டில் இருந்து பேசுகிறார் என்று பாருங்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிக்குத் தனிச் சலுகை இருக்கிறது. பிரித்தானியாவிலும் அலங்காரப் பொருளாக வைத்திருக்கும் பழந்துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. எந்த வகை வெடிப்பொறி, எந்த அளவுத் தோட்டா என்பதையெல்லாம் 2021 இல் விதியாகவே எழுதினார்கள். அவை அந்தந்த நாட்டுச் சட்டங்கள். நமக்கு இருப்பது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும் அதற்குப் பிறகு வந்த திருத்தங்களும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது அதன்படி குற்றம். "இது பழசு சேர், வேலை செய்யாது" என்பதைச் சோதனைச் சாவடியில் நிற்கும் பொலிஸ்காரர் தீர்மானிக்க மாட்டார். அது அரச பகுப்பாய்வாளரின் அறிக்கைக்கும் நீதிமன்றத்துக்கும் போகிற விஷயம், அதுவரைக்கும் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

அம்மப்பாவிடம் லைசென்ஸ் இருந்தது. புத்தகம்கூடக் கிடக்கிறது. அது போதாதா?

போதாது. துவக்கு லைசென்ஸ் ஆளின் பேரில் கொடுப்பது, வருடா வருடம் புதுப்பிப்பது. ஆள் போனால் லைசென்ஸும் போனது. வயல் காவலுக்கான வேட்டைத் துவக்கு லைசென்ஸுக்குக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய்ப் பழகியவர்கள், பிஸ்டலுக்கும் அங்கேயே கேட்கலாம் என்று நினைக்கிறார்கள். பிஸ்டல், ரிவோல்வர் எல்லாம் பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கும் விஷயம். அங்கே அனுமதி இப்போது எளிதில் கிடைப்பதும் இல்லை. 2024 நவம்பரில், தனிப்பட்ட பாதுகாப்புக்காக ஏற்கெனவே வழங்கிய துப்பாக்கிகளையே மீள ஒப்படைக்கும்படி அமைச்சு பணித்தது. வீட்டில் அழகுக்கு வைக்கப் புதிதாக அனுமதி கேட்டுப் போகிறவர் இதை மனதில் வைத்துக்கொண்டு போகட்டும்.

ஆனால் அந்தப் பழைய புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள். துப்பாக்கி களவாகவோ யுத்த காலத்தில் வேறு வழியிலோ வீட்டுக்கு வரவில்லை, முறையாக இருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் மிக நல்ல சாட்சி அதுதான். அதில் செய்தவர் பெயரும் இலக்கமும் எழுதியிருந்தால் பின்னால் மதிப்பிடுகிறவருக்கும் உதவும். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை பறந்த வீடுகளிலும், 2004 சுனாமியில் கடல் ஏறிய கரையோர வீடுகளிலும் இந்த மாதிரிக் கடதாசிகள் மிஞ்சியது குறைவு. மிஞ்சியிருந்தால் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

பொலிஸில் சொன்னால் என்னையே பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை, நம் பகுதியில் இந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. யுத்த காலத்தில் லைசென்ஸ் உள்ள வேட்டைத் துவக்கை வைத்திருந்தவர்களே இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லிக் களைத்தார்கள். அதனால் "பேசாமல் இருந்துவிடுவோம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் காலம் போகப் போக நிலைமை உங்களுக்கு மோசமாகத்தான் ஆகும். நேற்றுக் கண்டெடுத்தவரின் பேச்சுக்கும், பத்து வருடமாகத் தெரிந்தே வைத்திருந்தவரின் பேச்சுக்கும் நீதிமன்றத்தில் ஒரே மரியாதை கிடைக்காது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நீதிமன்றத்தைச் சுற்றிக் குற்றவியல் வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவரிடம் நீங்கள் சொல்வது அவரோடு இருக்கும். எப்போது, எந்த வீட்டில், எந்த அறையில், யார் முன்னிலையில் கிடைத்தது, அந்த வீட்டில் முன்பு இருந்தவர் யார், எப்போது காலமானார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். மரணச் சான்றிதழ் பிரதியும் பழைய லைசென்ஸும் இருந்தால் அவையும். அவர் வழியாகப் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, அவர்களையே வீட்டுக்கு வரச் சொல்வது நல்லது. கிராம உத்தியோகத்தர் அந்த நேரம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

பிஸ்டலைச் சொப்பிங் பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு நீங்களாக ஸ்டேசனுக்குக் கிளம்பக் கூடாது. நோக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வழியில் மறித்தால் அந்த நேரத்தில் நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோடு போகிற ஒருவர்தான். ஒப்படைக்கும்போது விவரம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்காமல் விடாதீர்கள். "ஒரு பழைய துப்பாக்கி" என்று மட்டும் எழுதினால் போதாது. குழலின் நீளம், பிடியின் மரம், தகட்டில் உள்ள எழுத்து, இலக்கம் எல்லாம் வர வேண்டும். பின்னால் அது அரும்பொருள் என்று தெரிந்து கேட்டுப் போனால், எது உங்களுடையது என்று அந்தச் சீட்டுத்தான் சொல்லும்.

அரசாங்கம் அவ்வப்போது அனுமதியில்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கப் பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்கும். 2020 பெப்ரவரியில் அப்படி ஒன்று வந்தது. வந்தால் நல்லது. அடுத்தது வரும்வரை காத்திருப்போம் என்று கட்டிலுக்கடியில் வைத்திருப்பதை எந்தச் சட்டத்தரணியும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

வாவியில் போட்டுவிட்டால் தொல்லை முடிந்துவிடுமே?

ஒரு காலத்தில் பலர் அதைத்தான் செய்தார்கள், கிணற்றிலும் போட்டார்கள். வலை போடுகிறவர் எடுத்துக்கொண்டு வருவார், கிணறு இறைக்கும்போது மேலே வரும். வேண்டாம்.

இது எந்தக் காலத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கழற்றாமல், துடைக்காமல், இருக்கிற நிலையில் பார்த்தே நிறையச் சொல்லலாம். முதலில் குதிரையைப் பாருங்கள். விசையை இழுத்தால் முன்னால் வந்து அடிக்கிற அந்தத் துண்டைத்தான் சொல்கிறேன். அதன் வாயில் கல் பிடிக்க இரண்டு தாடையும் ஒரு திருகாணியும் இருந்தால் அது சக்கிமுக்கித் துப்பாக்கி. எதிரே ஓர் இரும்புத் தட்டு நிற்கும், அதன் கீழே சிறிய மருந்துக் கிண்ணம் இருக்கும். கல் பிடிக்கும் தாடை இல்லாமல், சுத்தியல் தலை மாதிரிக் குழிந்து, குழலின் பின்புறத்தில் முளைத்திருக்கும் சிறு முலைக்காம்பு போன்ற துண்டின் மேல் வந்து விழுந்தால் அது கேப்புத் துப்பாக்கி. தோட்டாவைப் பின்பக்கத்தால் போடுவது என்றால் இன்னும் பிந்தியது.

அடித்தால் தீப்பிடிக்கும் இரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் வழிக்கு ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807 இல் காப்புரிமை பெற்றார். செம்புத் தொப்பி பரவலானது 1820 களுக்குப் பிறகு. பிரித்தானிய இராணுவம் அதற்கு மாறி முடித்தது 1840 களில். ஆகவே கேப்புத் துப்பாக்கி என்றால் அநேகமாக 1820 க்கும் 1870 க்கும் இடைப்பட்டது. சில பழைய கல் துப்பாக்கிகளைப் பின்னாளில் கேப்புக்கு மாற்றியும் இருக்கிறார்கள். சுடும் பொறியைப் பொருத்திய பூட்டுத் தகட்டில் காரணமில்லாமல் அடைத்த ஓட்டைகள் தெரிந்தால் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

அடுத்து எழுத்துகள். முடியின் கீழே "ஜீ.ஆர்." என்று ஆங்கில எழுத்தும், குதிரைக்குப் பின்னால் "டவர்" என்ற சொல்லும் இருந்தால், ஜோர்ஜ் மன்னர்கள் காலத்து அரச ஆயுதம், அதாவது 1830 க்கு முந்தியது என்று சொல்லிக்கொள்கிற பொருள். "வீ.ஆர்." என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. பின்னங்கால் ஊன்றி எழுந்து நிற்கும் சிங்கம் இருந்தால் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையாக இருக்கலாம். 1808 க்குப் பிறகு அவர்கள் அதைத்தான் அடித்தார்கள்.

குழலின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அங்கே சோதனைச்சாலை முத்திரைகள் இருக்கும். செய்த குழல் வெடிக்காமல் தாங்குமா என்று கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்துவிட்டு அடிப்பவை. இரண்டு செங்கோல்கள் குறுக்காக, மேலே முடி என்றால் பர்மிங்காம். அந்தச் சோதனைச்சாலை 1813 இல் தொடங்கியது, ஆகவே அந்த முத்திரை கண்டால் துப்பாக்கியை நெப்போலியனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். முட்டை வடிவ வட்டத்துக்குள் "ஈ.எல்.ஜி." என்றால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். 19 ஆம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் மலிவுத் துப்பாக்கி அனுப்பிய ஊர் அது. "துரை பரிசாகக் கொடுத்தது" என்று வீட்டில் சொல்லி வருவதை அந்தச் சின்ன வட்டம் கொஞ்சம் அசைத்துவிடும்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் இருந்ததில் பித்தளைப் பிடிமூடியின் மேல் பச்சைக் களிம்பு தடித்துப் படிந்திருந்தது. சாய்வாக டோர்ச் அடித்தபோது களிம்புக்குள்ளேயே இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் நிழலாகத் தெரிந்தன. படையணி அடையாளம். தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்திருந்தால் அது அன்றே போயிருக்கும். டோர்ச்சை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் அடித்துப் படம் எடுங்கள், அவ்வளவுதான்.

பூட்டுப் பொறி குழலின் இடப்பக்கத்தில் இருந்தாலோ, நீளத் துவக்கில் பிடி இரண்டாகப் பிளந்து செதுக்கு வேலையோடு இருந்தாலோ கவனம். அது இந்தத் தீவிலேயே செய்த சிங்களத் துவக்கு மரபு. அந்த மரபைச் சேர்ந்த இரண்டு பெரிய துவக்குகள், 2023 இல் நெதர்லாந்து திருப்பித் தந்த ஆறு பொருட்களில் கண்டிப் பீரங்கியோடு சேர்ந்து வந்தன. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

ஒல்லாந்தர் காலத்தது, கோட்டையில் இருந்து வந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், ஆனால் பிஸ்டலும் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் இருந்து ஒல்லாந்தர் பிடித்தது 1638 இல். ஆங்கிலேயர் கைக்குப் போனது 18 ஆம் நூற்றாண்டின் கடைசியில். கல்லில் இருந்து மாற்றாத கேப்புப் பொறியுள்ள பிஸ்டல் ஒல்லாந்தருடையதாக இருக்க வழியில்லை, அவர்கள் போய் ஒரு தலைமுறைக்குப் பிறகுதான் அந்தப் பொறியே வந்தது. பெரிய "வீ" எழுத்தின் இரண்டு கைகளிலும் "ஓ", "சீ" கோத்த முத்திரை இருந்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அடையாளம்தான். ஆனால் அந்த முத்திரையைப் புதுப் பொருளில் அடித்துச் சுற்றுலாக்காரருக்கு விற்கிற வேலையும் நடக்கிறது. கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரி இயங்கியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். "கோட்டையில் இருந்து வந்தது" என்று மூத்தம்மா சொன்னது, கச்சேரியில் வேலை பார்த்தவர் ஏலத்தில் எடுத்து வந்தது என்பதாகவும் இருக்கலாம்.

1815 என்ற ஆண்டை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

1815 மார்ச் 2, கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன கண்டி உடன்படிக்கையின் நாள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அந்த நாளைத்தான் எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தியது, அல்லது முந்தியது என்று நம்பத்தக்கது என்றால் அது தொல்பொருள். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். மேலே சொன்ன கல்லும் கேப்பும் இங்கேதான் பயன்படுகிறது. கல்லில் இருந்து மாற்றாத கேப்புப் பிஸ்டல் கோட்டுக்கு இந்தப் பக்கம். கல் பிஸ்டல் எந்தப் பக்கமும் இருக்கலாம், ஆகவே அதைக் கண்டவுடன் தொல்பொருளாகவே நடத்துவது பாதுகாப்பு. 1815 க்குப் பிந்தியது என்றால் கேள்வி கேட்பார் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் தனியாக இருக்கிறது. ஏற்றுமதியையும், அப்படியான பொருட்களை வாங்கி விற்கும் தொழிலையும் அது அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவருகிறது.

துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு விலை பேசலாமா?

ஐயோ, வேண்டாம். பிராசோ, அரத்தாள், புளி, எலுமிச்சை, வார்னிஷ் எதுவும் வேண்டாம். இரும்பில் சீராகப் படிந்த கபில நிறத்தைச் சேகரிப்பவர்கள் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். நீங்கள் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கூடுதல் விலை கேட்கிறீர்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அது நாளடைவில் பிசினாகி ஈரத்தையும் தூசியையும் பிடித்து வைக்கும். தோல் உறைக்குள் இருந்தால் உறை வேறு, பிஸ்டல் வேறாக வைக்க வேண்டும், பழைய தோல் இரும்பைத் தின்னும். அதையும் பொலிஸ் வந்து பார்த்த பிறகு, கையாளத் தெரிந்தவர் செய்யட்டும். வாவிக்காற்றும் கடற்காற்றும் சேர்ந்த ஊர் இது, துரு அதன் வேலையை மெதுவாகச் செய்துகொண்டுதான் இருக்கும். அதற்காக அவசரப்பட்டு நீங்கள் செய்கிற வேலை துருவை விடக் கூடுதலாகக் கெடுக்கும்.

வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போனது. பிஸ்டல் அந்த வீட்டில் இருந்தது. அப்படியானால் அவளுடையதா?

நம்மூர்ச் சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கிழக்கில் தமிழருக்குள்ளும் முஸ்லிம்களுக்குள்ளும் வீடு பெண்பிள்ளைக்குப் போவது வழக்கம். தாய் வீட்டில் மகள், அவள் மகளுக்கு அடுத்த வீடு என்று போகும். பெட்டகமும் கட்டிலும் வீட்டோடு சேர்ந்தது என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் சீதன உறுதியில் எழுதியிருப்பது காணியும் கட்டிடமும்தான். பெட்டகத்துக்குள் இருந்த அசையும் பொருள் உறுதியில் இல்லை என்றால், அது இறந்தவரின் சொத்தாகவே நிற்கும், வாரிசுகள் எல்லோருக்கும் பங்கு உண்டு.

பங்கு எப்படி என்பது எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது. தேசவழமை என்ற வழக்கச் சட்டம் வட மாகாணத் தமிழருக்கானது, மட்டக்களப்புத் தமிழருக்கு அது பொருந்தாது. முன்பு இங்கே முக்குவச் சட்டம் என்று ஒன்று இருந்தது, இப்போது பொதுச் சட்டம்தான். 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. முஸ்லிம் குடும்பமாக இருந்தால் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாக இஸ்லாமிய வாரிசுரிமை வரும். மூத்தவாப்பாவின் பொருளில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று என்ற கணக்கு அங்கே.

சொந்தம் வேறு, கையில் வைத்திருப்பது வேறு. வாரிசாக உங்களுக்குப் பங்கு இருக்கலாம். அதனால் வீட்டில் வைத்திருக்கும் உரிமை வந்துவிடாது. ஆனால் விற்பதற்கோ நன்கொடையாகக் கொடுப்பதற்கோ எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். கனடாவில் இருக்கும் மூத்தவர் தொலைபேசியில் "நீங்க பாத்துச் செய்ங்க தம்பி" என்று சொன்னது கையெழுத்து ஆகாது.

சரி, என்ன விலை போகும்?

பலரும் எதிர்பார்ப்பதில் ஒரு சிறு பங்குதான். வயது மட்டும் விலை தராது. யார் செய்தது, பாகங்கள் எல்லாம் ஒன்றாகப் பிறந்தவையா, மரம் வெடிக்காமல் இருக்கிறதா, ஜோடியாகவும் பெட்டியோடும் இருக்கிறதா, யார் வைத்திருந்தார் என்பதற்குக் கடதாசி இருக்கிறதா என்பவைதான் விலை. பெயர் தெரியாத பெல்ஜியப் பிஸ்டல், பொறி உடைந்தது, பிடியில் ஆணி அடித்தது என்றால் வெளிநாட்டு ஏலத்திலேயே சொற்பம்தான். இணையத்தில் இலட்சக்கணக்கில் தெரிகிற விலைகள், சட்டப்படி வாங்கி விற்கக்கூடிய நாட்டில், பெட்டியோடு இருந்த இலண்டன் ஜோடிகளுக்குக் கிடைத்தவை. நம் நாட்டில் வாங்கத் தகுதியுள்ளவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை கேட்டு முகநூலிலோ வட்சப் குழுவிலோ படம் போடாதீர்கள். நீங்கள் விலை கேட்டதாக நினைப்பீர்கள். பார்க்கிறவர்களில் ஒருவர் களவெடுக்க வருவார், இன்னொருவர் பொலிஸுக்கு 119 இல் அழைப்பார்.

அப்படியானால் யாருக்குத்தான் விற்கலாம்?

வைத்திருக்க அனுமதி உள்ளவருக்கு, அதுவும் அதிகாரிகளுக்குத் தெரிந்து, எழுத்தில். பழம்பொருள் கடைக்காரர் என்றால் அந்தத் தொழிலுக்கான அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். "கடதாசி ஒண்ணும் வேணாம் அண்ணன், காசு இப்பவே தாறன்" என்று வீடு தேடி வருகிறவரிடம் கொடுத்தீர்கள் என்றால், அந்தத் துப்பாக்கி நாளைக்கு எங்கேயாவது பிடிபடும்போது கடைசியாகச் சொல்லப்படும் பெயர் உங்களுடையது. கல்லும் கேப்பும் போடும் பிஸ்டலை யார் குற்றத்துக்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று கேட்கலாம். 20 ஆம் நூற்றாண்டு வெப்லி ரிவோல்வர் என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

லண்டனில் இருக்கும் மச்சான், லீவில் வரும்போது சூட்கேசில் கொண்டுபோய் ஏலத்தில் போடலாம் என்கிறார்.

மச்சானுக்கு விமானச் சீட்டின் விலை மட்டும்தான் தெரிகிறது போல. கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஸ்கேனர் இருக்கிறது. சுடுகலன் சட்டம், தொல்பொருள் அல்லது கலாசார ஆதனச் சட்டம், சுங்கச் சட்டம் என்று ஒரே சூட்கேசில் பல வழக்குகள் போகும். கழற்றிப் பகுதி பகுதியாகத் தபாலில் அனுப்புவதும் அதே கதைதான். அங்கே இருக்கும் நல்ல ஏல நிறுவனமும் ஏற்றுமதி அனுமதியைக் கேட்கும், கேட்காதவரிடம் கொடுக்கக் கூடாது.

பிடி யானைத் தந்தம். அதனால் கூடுதல் விலை வருமா?

கூடுதல் சிக்கல் வரும். தந்த வியாபாரத்துக்கு உள்நாட்டிலும் சர்வதேச அளவிலும் தடை இருக்கிறது. தந்தமா, மான்கொம்பா, எலும்பா என்று முதலில் உறுதிப்படுத்த வேண்டும்.

வெல்டிங் கடையில் குழலை அடைத்துவிட்டு ஷோகேசில் வைக்கலாமா?

உள்ளே மருந்து இருக்கும் குழலில் வெல்டிங் நெருப்பு வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மருந்து இல்லை என்றாலும், நீங்களாக அடைத்ததை வைத்து "இது இனித் துப்பாக்கி இல்லை" என்று சட்டம் ஏற்றுக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். பொருளும் கெட்டது, வழக்கும் நின்றது என்று ஆகும்.

மியூசியத்துக்குக் கொடுத்தால் மூலையில் போட்டுவிடுவார்கள் என்கிறார்களே?

போடலாம். எல்லா நன்கொடையும் கண்ணாடிப் பெட்டிக்குள் போகாது, கொழும்பு தேசிய நூதனசாலை 1877 இல் இருந்து சேர்த்துக்கொண்டே வருகிறது. ஆனால் களஞ்சியத்தில் இருந்தாலும் அதற்கு ஓர் இலக்கம், ஒரு பதிவு, கொடுத்தவர் பெயர் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியவற்றை எழுத்தில் கேளுங்கள்: பதிவில் குடும்பத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும், பதிவு இலக்கத்தின் பிரதி வேண்டும், குடும்பத்தார் வந்தால் பார்க்க விட வேண்டும். ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் சொன்னால் பேசலாம், கொடுத்த பிறகு சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிஸ்டல் ஏற்கெனவே பொலிஸ் பொறுப்பில் இருந்தால், அது அழிக்கப்படும் பட்டியலில் சேராமல் தொல்பொருள் திணைக்களத்தின் பார்வைக்குப் போக வேண்டும் என்று சட்டத்தரணி மூலம் விரைவாக ஒரு கடிதம் போடுங்கள். இந்தக் கடிதத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியில் என்னதான் சொல்கிறீர்கள், விற்பதா வேண்டாமா?

பொருளைப் பொறுத்துச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டுத் தோட்டாப் பிஸ்டல், லைசென்ஸ் முடிந்தது என்றால் யோசிக்க ஒன்றும் இல்லை, ஒப்படையுங்கள். அதில் இருந்து வரும் காசு சட்டத்தரணிக்குக் கொடுப்பதற்கும் காணாது. 1815 க்கு முந்தியதாக இருக்கக்கூடிய கல் பிஸ்டல், அல்லது உள்நாட்டு வேலைப்பாடு என்றால் விற்காமல் மியூசியத்துக்கு அரும்பொருளாகக் கொடுங்கள் என்பேன். கிழக்கில் இருந்து போன பொருள், கிழக்கில் இந்த வீட்டில் இருந்தது என்ற பதிவோடு போவதற்கு அது ஒன்றுதான் வழி. வியாபாரி கையில் போனால் முதலில் அழிவது அந்தக் கதைதான், "இலங்கை, 18 ஆம் நூற்றாண்டு" என்ற ஒரு வரி மிஞ்சும்.

உண்மையில் யோசிக்க வேண்டியது நடுவில் இருக்கும் கேப்புப் பிஸ்டலைப் பற்றித்தான். நல்ல இலண்டன் பெயர், நல்ல நிலை, வாங்கத் தகுதியுள்ள ஒருவர், எல்லா வாரிசுகளின் சம்மதம், அதிகாரிகளின் எழுத்து என்ற ஐந்தும் சேர்ந்தால் விற்பதில் தவறே இல்லை. பிள்ளையின் படிப்புக்கு உதவினால் அம்மப்பா கோபிக்க மாட்டார். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் விற்பனையை விட்டுவிடுங்கள்.

அண்ணன் விற்கச் சொல்கிறார், தங்கச்சி கொடுக்கவே கூடாது என்கிறாள். என்ன செய்ய?

வீட்டில் வைத்திருப்பது அனுமதி இல்லாமல் நடக்காது என்பதைச் சட்டத்தரணி வாயாலேயே தங்கச்சிக்குச் சொல்லவையுங்கள். சொல்கிறவர் அண்ணன் என்றால் அவள் நம்ப மாட்டாள். எதிர்பார்க்கக்கூடிய விலையை எழுத்தில் வாங்கி அண்ணனிடம் காட்டுங்கள், அதை எல்லா வாரிசுகளுக்கும் பங்கு போட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பேச்சு பெரும்பாலும் தணியும். நல்ல படங்களாக எல்லாக் கோணத்திலும் எடுத்து, பழைய லைசென்ஸ் புத்தகத்தைத் தங்கச்சி வீட்டிலேயே வைத்திருக்க விடுங்கள். அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.